சத்தாவது புடலங்காயாவது என்று கேட்பவர்களுக்கு

புடலங்காயில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். முதலாவது வாட்ஸ்அப்பில் சுற்றும் பதில். மஞ்சள் காமாலை போகும், முடி கொட்டுவது நிற்கும், இதயம் பலப்படும், சர்க்கரை இறங்கும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இரண்டாவது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகள் சொல்லும் பதில்: "இதுல என்ன இருக்கு, வெறும் தண்ணி." இரண்டில் பிள்ளைகள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரால் நமக்கு என்ன பயன் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரே ஒரு கருத்து போதும். அதன் பெயர் கலோரி அடர்த்தி. ஊட்டச்சத்து பற்றி எதுவுமே படித்திராதவர்களுக்கும் இது பிடிபடும்.

முதலில் காயைப் பார்த்துவிடுவோம். புடலை, பூசணிக் குடும்பத்துக் கொடி. சுரை, பீர்க்கு, பாகல், கோவை, வெள்ளரி, சௌசௌ எல்லாம் அதே குடும்பம்தான். தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் இதற்குச் சொந்த மண். வெயிலும் ஈரமும் சேர்ந்திருக்கும் இடத்தில் செழிக்கும் என்பதால் சென்னையைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கங்களில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். கோயம்பேடு சந்தையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளப் புடலையும் வரும், முழ நீளத்துக்குள் அடங்கும் குட்டைப் புடலையும் வரும். அடுக்குமாடி வீடுகளின் ஃபிரிட்ஜுக்கு வசதி என்பதால் குட்டைக்குத்தான் இப்போது கை அதிகம் போகிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகம் ஐந்தடிக்கு மேல் நீளும். கோ 2 ஓர் அடிதான். சத்தைப் பொறுத்தவரை நீளத்துக்கும் குட்டைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எது பிஞ்சாக இருக்கிறதோ அதை வாங்கலாம்.

இனி எண்களுக்கு வருவோம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல்லாண்டுகளாக நம் நாட்டு உணவுகளைப் பகுப்பாய்வு செய்து அட்டவணைகளாக வெளியிட்டு வருகிறது. அவற்றில் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கும் கணக்கின்படி, 100 கிராம் புடலங்காயில் 94.6 கிராம் தண்ணீர். மாவுச்சத்து 3.3 கிராம், புரதம் அரை கிராம், கொழுப்பு 0.3 கிராம், கால்சியம் 26 மில்லிகிராம். மொத்த ஆற்றல் 18 கலோரி. வைட்டமின் சி பெயருக்குத்தான் இருக்கும். அதே குடும்பத்துப் பாகற்காயில் 100 கிராமுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கிறது. இந்த வரிசையைப் பார்த்தவுடன் பலரும் அட்டவணையை மூடிவிடுவார்கள். நான் அந்த 18இல் நின்றுவிட்டேன்.

ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி இருக்கிறது என்பதே கலோரி அடர்த்தி. கணக்கு மிகச் சுலபம். 100 கிராமுக்கு உள்ள கலோரியை நூறால் வகுத்துவிடுங்கள். புடலங்காய்க்கு 0.18 வருகிறது. வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி, ஆகவே அடர்த்தி 1.3. தேங்காய்த் துருவல் சுமார் 3.5. சமையல் எண்ணெய் 9. எண்ணெயைத் தாண்டி மேலே போக உணவில் எதுவும் இல்லை, ஏனென்றால் அது முழுக்கக் கொழுப்பு, துளித் தண்ணீர் கிடையாது. தண்ணீருக்கு அடர்த்தி பூஜ்யம். ஆகவே ஓர் உணவில் தண்ணீர் ஏற ஏற அடர்த்தி இறங்கும், கொழுப்பு ஏற ஏற அடர்த்தி ஏறும். புடலங்காய் ஏன் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது இப்போது தெரியும்.

உறவுக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சுரைக்காய் 100 கிராமுக்கு 12 கலோரி, பீர்க்கங்காய் 17, வெண்பூசணி 10, வெள்ளரி 13, கோவைக்காய் 18, மஞ்சள் பூசணி 25. நம் பாட்டிமார் இவற்றை மொத்தமாக நீர்க்காய் என்று ஒதுக்கி வைத்துக் கத்திரி வெயிலில் சமைத்ததும், சளி பிடித்த பிள்ளைக்கு வேண்டாம் என்றதும் அனுபவத்தில் வந்தவை. சளிக்கும் நீர்க்காய்க்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்லும் ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் காய்களின் குணம் தண்ணீரில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டிருந்தார்கள்.

அடர்த்தி குறைவாக இருந்தால் நமக்கு என்ன? இங்கே வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இரைப்பையின் சுவரில், அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போய்ச் சுவர் விரியும்போது, போதும் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. இந்த நரம்புகளுக்குக் கலோரி எண்ணத் தெரியாது. பருமன்தான் தெரியும். உடலில் வேறு கணக்குகளும் ஓடுகின்றன. குடலில் சுரக்கும் ஹார்மோன்கள், ரத்தத்தில் ஏறும் சர்க்கரை எல்லாம் பசியை அடக்குவதில் பங்கெடுக்கின்றன. ஆனாலும் சாப்பாட்டின் நடுவில் இலையைத் தள்ளவைப்பதில் வயிறு விரிவதற்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்கள் தினமும் ஏறக்குறைய ஒரே எடையுள்ள உணவைத்தான் சாப்பிடுகிறார்கள், அதில் கலோரி கூடினாலும் குறைந்தாலும் உடனே கவனிப்பதில்லை என்பது இந்தத் துறையில் மறுபடி மறுபடி பார்க்கப்பட்ட செய்தி.

அப்படியானால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டால் போதாதா? நியாயமான கேள்வி. இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் செய்தது. கோழியும் அரிசியும் காய்கறியும் சேர்ந்த ஓர் உணவை மூன்று விதமாக, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் அந்த உணவு மட்டும். இன்னொரு நாள் அதே உணவும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும். மற்றொரு நாள் அதே தண்ணீரை உணவுக்குள்ளேயே ஊற்றிக் கொதிக்கவைத்து சூப்பாக. பொருள் ஒன்று, தண்ணீர் ஒன்று. சூப்பாகக் குடித்த நாளில்தான் பின்னால் வந்த சாப்பாட்டைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் அந்தப் பலன் வரவில்லை. உணவோடு பிணைந்திருக்கும் தண்ணீர் வயிற்றில் கூடுதல் நேரம் தங்குகிறது, வாய்க்கும் கண்ணுக்கும்கூட அதிகம் சாப்பிட்ட உணர்வைத் தருகிறது. புடலங்காயின் 94.6 கிராம் தண்ணீர் அந்த மாதிரித் தண்ணீர். செல்களுக்குள் அடைபட்டு, நாருக்கு நடுவில் பிடித்துவைக்கப்பட்டு, மென்றால்தான் வெளியே வரும் தண்ணீர்.

இதை நம் மதியச் சாப்பாட்டில் பொருத்திப் பாருங்கள். சென்னையில் வீட்டுச் சாப்பாடோ மெஸ் சாப்பாடோ, வழக்கமான ஓட்டம் ஒன்றுதான். சாம்பாருக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்குக் கொஞ்சம். காய் என்பது இலையின் மேல் ஓரத்தில் ஒரு கரண்டி. அது மூன்று சுற்றுக்கும் தொட்டுக்கொள்ளவே வேண்டும் என்பதால் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ளுவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 250 கிராம். சமைக்காத எடை இது. நம் தட்டில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது.

ஒருவர் மதியத்தில் 350 கிராம் சோறும் ஒரு கரண்டிப் புடலங்காய்க் கூட்டும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சோற்றில் 455 கலோரி. கூட்டு 30 கலோரி. அவரே சோற்றை 250 கிராமாக்கி, கூட்டை ஒரு கிண்ணம் நிறையப் போட்டுக்கொண்டால் சோற்றில் 325, கூட்டில் 110. மொத்தம் 485இலிருந்து 435க்கு வந்துவிட்டது. இலையில் இருக்கும் உணவின் எடையோ குறையவே இல்லை, சொல்லப்போனால் ஒரு பிடி கூடியிருக்கிறது. பசியோடு எழுந்திருக்கவில்லை, புரதம் குறையவில்லை, சோற்றிலிருந்து வரும் மாவுச்சத்து மட்டும் 28 கிராம் குறைந்திருக்கிறது. ஒரு வேளைக்கு 50 கலோரி பெரிய தொகையாகத் தெரியாது. எனக்கு அந்த 28 கிராம்தான் முக்கியம். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தன. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அது. பெரியவர்களில் 11.4 சதவீதம். இந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் சர்க்கரை மாத்திரை போடும் ஒருவர் இருப்பார். அவரிடம் சோற்றைக் குறை என்று சொல்லிவிட்டு, காலியான இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விடுவதால்தான் மூன்றாவது நாளே பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார். அந்தக் காலியிடத்துக்கு நான் கைகாட்டுவது நீர்க்காய்களை.

சாப்பிடும் வரிசையும் உதவும். கிண்ணத்துக் கூட்டில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால், சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது என்று சிறிய அளவில் நடந்த சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காயும் பருப்பும் முதலில், மாவுச்சத்து பிறகு. செலவில்லாத மாற்றம், செய்து பார்க்கலாம்.

மேலே சொன்ன 110 கலோரி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான்கு பேருக்கான கூட்டுக்கு 400 கிராம் புடலங்காய், 50 கிராம் பாசிப்பருப்பு, 30 கிராம் தேங்காய், தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்று வைத்துக்கொண்டேன். காயின் பங்கு 72 கலோரி. பருப்பு ஏறக்குறைய 175. தேங்காய் 105. எண்ணெய் 90. கூட்டினால் 442, ஆளுக்கு 110. எடையில் பாத்திரத்தை நிரப்புவது காய். கலோரியில் அதன் பங்கு ஆறில் ஒன்று. புரதம் நேர்மாறு. நான்கு பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும் சுமார் 15 கிராமில் 12 கிராம் பாசிப்பருப்பிலிருந்து வருகிறது. ஆகவே புடலங்காய்க் கூட்டு நல்லது என்று சொல்லும்போது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பாராட்டு. பருப்பு சத்தைத் தருகிறது, புடலங்காய் அதற்கு இடத்தைத் தருகிறது.

இதே கணக்கை வைத்து எந்தச் சமையல் இந்தக் காயைக் கெடுக்கும் என்றும் சொல்லிவிடலாம். புடலங்காய் பஜ்ஜி. வளையம் வளையமாக நறுக்கிக் கடலை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டதும் சளசளவென்று குமிழி வருகிறதே, அது காயிலும் மாவிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. தண்ணீர் காலி செய்த இடத்துக்கு எண்ணெய் குடிவருகிறது. பூஜ்யம் போய் ஒன்பது வந்து உட்கார்ந்தால் அடர்த்தி என்ன ஆகும்? மழை நாளில் இரண்டு சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். காய் சாப்பிட்ட கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நறுக்கிய புடலங்காயில் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, இரண்டு கையாலும் இறுகப் பிழிந்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பொரியல் உதிரி உதிரியாக வரும், பச்சை வாடை போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கூடவே பொட்டாசியம் மாதிரித் தண்ணீரில் கரையும் தாதுக்களும் கொஞ்சம் போகின்றன. காயும் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. உப்பும் தேவைக்கு மேல் உள்ளே தங்குகிறது. பிழியாமலே நல்ல பொரியல் செய்யலாம். வாயகன்ற கடாயில் தாளித்து, காயைப் போட்டு, அளவான உப்பைத் தொடக்கத்திலேயே தூவி மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்தால் கடாயின் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். ஒரு சொட்டு நீர் ஊற்றியிருக்க மாட்டீர்கள். அந்த நீரிலேயே காய் வெந்துவிடும். பிறகு மூடியை எடுத்து, தீயைக் கூட்டி, கடாயின் ஓரம் காயும் வரைக்கும் கிளறித் தேங்காயைத் தூவி இறக்கலாம். வாடை, முற்றின காயில்தான் தூக்கலாக இருக்கும். பிஞ்சாக வாங்கினால் பாதிப் பிரச்சினை கடையிலேயே தீர்ந்துவிடும்.

பிஞ்சை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். தக்கையாக இருந்தால் உள்ளே பஞ்சாகிவிட்டது என்று பொருள். நகத்தால் லேசாக அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். மேல்தோலில் சாம்பல் பூத்தாற்போல ஒரு வெள்ளைப் படிவம் இருக்கும், அது இயற்கையானது, பறித்து அதிக நேரம் ஆகாததற்கு நல்ல அடையாளமும்கூட. கத்தியின் முதுகால் சுரண்டிக் கழுவினால் போதும், தோலைச் சீவ வேண்டாம். ஜாம்பஜாரில் ஒரு அக்கா புடலங்காயை எடைபோடுவதற்கு முன்னால் இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பார்ப்பார். "வளையணும் தம்பி, உடையக் கூடாது. ஆனா தொளதொளன்னும் இருக்கக் கூடாது" என்பார். உடைவது முற்றல், தொளதொளப்பது நேற்றைய காய். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இளம் விதைகளை எடுக்கத் தேவையில்லை, காயோடு வெந்துவிடும். கொஞ்சம் முற்றியிருந்தால் நடுவிலிருக்கும் பஞ்சையும் விதையையும் வழித்தெடுத்து, அதைத் தூக்கிப் போடாமல், வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைக்கலாம். அங்கேயும் நார் இருக்கிறது. அசைவம் சாப்பிடும் வீடுகளில் புடலங்காய்ப் பொரியலில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவதும், சென்னாக்குன்னி போட்டு வதக்குவதும் உண்டு. ஊட்டச்சத்துக் கண்ணோடு பார்த்தால் அருமையான சேர்க்கைகள். காயில் இல்லாத புரதத்தை முட்டையும் குட்டி இறாலும் கொண்டுவருகின்றன. கருவாட்டு வகையில் உப்பு இருக்கும் என்பதால், நன்றாகக் கழுவிப் போட்டுத் தனி உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காயில் இல்லாததையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் வாட்ஸ்அப் பட்டியலில் சேர்ந்துவிடுவேன். இரும்புச்சத்துக்குப் புடலங்காயை நம்பாதீர்கள், கீரையும் பயறும் பார்த்துக்கொள்ளட்டும். வைட்டமின் சிக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. வைட்டமின் ஏவாக மாறும் கரோட்டின் வேண்டுமென்றால் மஞ்சள் பூசணியும் முருங்கைக்கீரையும். மஞ்சள் காமாலையைக் குணப்படுத்தும் என்று இந்தக் காயை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருப்பது ஆபத்து. காமாலை என்பது ஈரலிலோ பித்தநாளத்திலோ ரத்தத்திலோ வரும் பல கோளாறுகளின் அறிகுறி, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நோயிலிருந்து தேறும்போது எளிதில் ஜீரணமாகும் உணவாகப் புடலங்காய்க் கூட்டைக் கொடுப்பது வேறு விஷயம், அது நல்ல வழக்கம்.

கசப்பைப் பற்றி இன்னும் கண்டிப்பாகப் பேச வேண்டும். பூசணிக் குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள குகர்பிட்டசின் என்ற கசப்புப் பொருளைச் சுரக்கின்றன. வேலியோரங்களில் தானாக முளைக்கும் பேய்ப்புடல், நாம் சாப்பிடும் புடலைக்கு நெருங்கிய சொந்தம். அதன் காய் கடும் கசப்பு. சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் அது மருந்தாக, தெரிந்தவர் கையால். தோட்டத்துப் புடலையில் அந்தக் கசப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் குறைத்திருக்கிறார்கள். எப்போதாவது ஒரு காயில் அது திரும்பி வந்துவிடும். வேகவைத்தாலும் உப்பில் ஊறவைத்தாலும் போகாது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்கள், உயிரிழந்தவர்கள்கூட இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஐசிஎம்ஆர் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பாகற்காயின் கசப்பு வேறு, அது அந்தக் காயின் இயல்பு. புடலை, சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றை நறுக்கும்போதே ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சாறு குடிப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும், ஏனென்றால் சாற்றில் ஒரு முழுக் காயின் நஞ்சு ஒரே மடக்கில் உள்ளே போகிறது.

மாடியில் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில வரிகள். ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் விதைக்க ஏற்றவை. பெரிய தொட்டியும், கொடி ஏற ஒரு கயிற்றுப் பந்தலும் போதும். பூ மாலை இருட்டும் நேரத்தில் விரியும். ஐந்து வெள்ளை இதழ்கள், ஒவ்வொன்றின் விளிம்பும் பிரிந்து நூல் நூலாக, பின்னல் வேலை செய்ததுபோல நீண்டு சுருண்டிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் சுருங்கிக் கிடக்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான பூ இது. பெருநகரத்து நான்காவது மாடிக்கு அந்தப் பூச்சிகள் எல்லா நாளும் வருவதில்லை, அதனால் பிஞ்சு பழுத்து உதிரும். முதலில் கொத்தாக வருபவை ஆண் பூக்கள், அவை உதிர்வது இயல்பு. பின்னால் மெல்லிய குட்டிப் புடலையைச் சுமந்துகொண்டு தனியாக வருவது பெண் பூ. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிட்டால் காய் நிற்கும். நீள ரகமாக இருந்தால் நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிடுங்கள், சுருளாமல் நேராக இறங்கும். கல் கட்டுவதால் சுவையோ சத்தோ மாறாது, நறுக்கத்தான் வசதி.

கடைசியாக, யார் யோசித்துச் சாப்பிட வேண்டும் என்பது. கலோரி அடர்த்தி குறைவு என்பது எடையைக் கட்டுப்படுத்த நினைப்பவருக்கு வரம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அப்படி இல்லை. அந்தச் சின்ன வயிறு புடலங்காயால் நிரம்பிவிட்டால் வளர்ச்சிக்கான கலோரிக்கு இடமில்லை. குழந்தைக்கும், உடல் மெலிந்துகொண்டே வரும் முதியவருக்கும் காயைக் கொஞ்சமாக வைத்துப் பருப்பைக் கூட்டி நெய்யும் விட்டுக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தையும் பருப்பு அளவையும் மருத்துவரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் சோற்றை ஒரே நாளில் பாதியாக்கிக் காயால் நிரப்பினால் மாலைக்குள் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். முதல் வாரம் ஒரு கரண்டிச் சோறு குறைத்து ஒரு கரண்டிக் கூட்டு கூட்டுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, எண்களைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.